சபை மாற்றுக் கடிதம்

திருவண்ணாமலை
16.7.2000

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை முதல் வேலையாக ஆலயத்தைத் திறந்து நானே மணி அடித்தேன். தெருவெல்லாம் பௌர்ணமிக் கூட்டம். ஆராதனையில் ஒன்பது பேர். நூற்றாண்டு மலருக்காகப் பழைய பதிவேடுகளைப் படிக்கிறேன். நம் மெதடிஸ்ட் சபை தொடங்கியபோதே நாற்பது குடும்பங்கள் இருந்தனவாம்.

சென்னைச் சபைக்கு உங்கள் பெயரை மாற்றக் கேட்டு நீங்கள் எழுதியிருந்ததைப் போதகர் காட்டினார்.

"அவசரத்துல உங்க பேரை விட்டுட்டாரு போலம்மா. நானே சேர்த்துடறேன்."

"வேணாங்க ஐயா. அவரு மறக்கிற ஆளு இல்ல."

சபைச் செயலாளர் நான்தானே. மாற்றுக் கடிதத்தில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்புகிறேன். அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

போதகரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பதிவேட்டில் உங்கள் பெயரை அடித்தபின், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போகிறேன். அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்றாலும்.

உங்கள் மனைவி