உகந்த காலத்தில் செய்யப்படும்

மார்ச் 4

இன்று எங்கள் மின்துறை அமைச்சர் என் எழுத்தைப் பாராட்டினார். மின் நிலையம் பற்றிய குறிப்பு அது. எங்கள் மாவட்டத்துக்கு மின்சாரம் தருவது அந்த ஒரு கிழட்டு நிலையம்தான். கோடை முழுக்க அதை நிறுத்திக் கொதிகலனைப் பழுது பார்க்க வேண்டும், அதுவரை எல்லோருக்கும் தினமும் சில மணி நேரம் மின்வெட்டு, செலவுக்குக் கட்டண உயர்வு என்று தலைமைப் பொறியாளர் அம்மா கேட்டிருக்கிறார். போன வருடமும் கேட்டார். அதற்கு முன் பழைய ஆட்சியிடமும் கேட்டார். அவர்களுக்கும் பதில் எழுதிக் கொடுத்தது நான்தான். ஆட்சி மாறியது, என் நடை மாறவில்லை.

"கோரிக்கை கொள்கையளவில் ஏற்கப்படுகிறது. உகந்த காலத்தில் செயல்படுத்தப்படும்" என்று எழுதினேன். அமைச்சர் இரண்டு முறை படித்தார். "முடியாதுன்னு ஒரு இடத்துலகூட சொல்லல பாருங்க. ஆனா முடியாது" என்றார். ஆகஸ்டில் தேர்தல். அவரையும் குறை சொல்ல முடியாது.

கேன்டீனில் எனக்கு 'உகந்த காலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். இருக்கட்டும். அங்கே மற்றவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

மார்ச் 9

ஞாயிறு. மனைவியோடு கொட்டகையில் இருந்தேன். வீட்டின் பின்பக்கம் அவள் நடத்தும் கோழிக்குஞ்சு பொரிப்பகம். மூன்று மின் இயந்திரங்கள், எப்போதும் ஒரே சூடு, மூன்று வாரத்தில் குஞ்சு. முட்டையை ஒரு விளக்கின் மேல் வைத்துப் பார்க்கிறாள். உள்ளே நரம்பு ஓடினால் தட்டில், ஓடாவிட்டால் வாளியில். ஒரு முட்டைக்கு ஒரு மூச்சு நேரம்கூட எடுப்பதில்லை. சந்தேகமாக இருந்த ஒன்றைக் காட்டி, "இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமே" என்றேன்.

"விட்டா அழுகி வெடிச்சு, பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும். இதுக்கெல்லாம் குழு போட முடியாதுங்க."

பிறகு கேட்டாள். பழைய ஜெனரேட்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம், கடனும் கிடைக்குமாம். "வாங்கட்டுமா?" மின்வெட்டு நேரத்தை அரசு அறிவிக்கட்டும், அதைப் பொறுத்து எவ்வளவு பெரியது வேண்டும் என்று முடிவு செய்யலாம் என்றேன். சொல்லும்போது மிகவும் நியாயமாகத்தான் பட்டது. நான் சொல்வது எல்லாமே எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

மார்ச் 15

ஜெனரேட்டர் பற்றி மறுபடி கேட்டாள். பட்ஜெட் முடியட்டும் என்றேன். "யாரோட பட்ஜெட்?" என்றாள்.

மார்ச் 21

பொறியாளர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நீளவாக்கில் விரிசல். "போன மாசம் வெட்டி எடுத்தது சார். உள்ள இருக்கிறது எல்லாம் இதோட வயசுதான். நாமளா நிறுத்தினா கோடையோட போயிடும். அதுவா நின்னா எத்தனை மாசம்னு எனக்கே தெரியாது."

அமைச்சர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "நல்ல கனம்" என்று சொல்லி, காற்றில் படபடத்துக்கொண்டிருந்த காகிதங்கள்மேல் வைத்தார். அந்த அம்மா போனதும், "எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆறு வருஷமா, சார்."

"ஆறு வருஷமா ஓடுதுல்ல?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் வரும் நாளில் கேட்டவர் பதவியில் இருப்பதில்லை.

மார்ச் 22

குழு அமைத்தாயிற்று.

ஏப்ரல் 6

அமைச்சரை மட்டும் சொல்வானேன்? இன்று எங்கள் தெருக்காரர்கள் கூட்டம். நிலையத்தைப் பழுது பார்த்தே ஆக வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்போது என்பதில்தான். இது சீசன், இப்போது தையல் மிஷின் நிற்கக் கூடாது என்றார் தையல்காரர். மருந்துக்கடைக்காரருக்கு ஃப்ரிட்ஜ் கவலை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், "கட்டாயம் செய்யணும், எம் பொண்ணு கல்யாணம் மட்டும் முடிஞ்சிரட்டும்" என்றார். பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையவில்லை.

கடைசியில் எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். கட்டணமும் ஏறாது, வெட்டும் இருக்காது, நிலையமும் புதிதாகும் என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன், தொழில் மரியாதைக்கு. மனைவி தட்டவில்லை. வரும் வழியில், "வெட்டட்டுமே. எத்தனை மணிக்குன்னு மட்டும் சொன்னாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன்" என்றாள்.

ஏப்ரல் 19

அவளுக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. பண்ணைக் கூட்டுறவுச் சங்கம். இந்த முறை சரியாகக் கொடுத்தால் வருடம் முழுக்க அவளிடமே வாங்குவார்களாம். இத்தனை நாள் இதற்காகத்தான் உழைத்தாள். மூன்று இயந்திரத்தையும் நிரப்ப வேண்டும்.

சாப்பிடும்போது கேட்டாள். "வீட்டுக்காரரா சொல்லாதீங்க. அங்க உக்காந்திருக்கிறவரா சொல்லுங்க. மூணையும் நிரப்பலாமா?"

அந்த விரிசல் விழுந்த குழாய் கண்முன் வந்தது. ஜெனரேட்டரை வாங்கிவிட்டு நிரப்பு என்று சொல்லியிருக்கலாம். வாங்கி, ஒன்றும் ஆகாமல் போனால்? கடன் அவள் தலையில், பழி என் தலையில். அதுவுமில்லாமல், அலுவலகத்தில் ஒன்று எழுதிவிட்டு வீட்டில் வேறு சொல்வது எப்படி?

"இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நம்பிவிட்டாள். ஜெனரேட்டர் பேச்சே அதன்பின் எடுக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

மே 9

மாலையில் கொட்டகைக்குக் கூப்பிட்டு ஒரு முட்டையை என் காதில் வைத்தாள். உள்ளிருந்து கொத்தும் சத்தம். "கேக்குதா?" கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

மே 10

காலை பதினொன்றுக்கு மின்சாரம் போனது. ஊர் முழுக்க. முதலில் ஃபியூஸ் என்று நினைத்தோம். இரண்டு நாளாகக் கோடை மழை வேறு, கொட்டகை குளிர்ந்து கிடந்தது.

போர்வை, கம்பளி, சுடுதண்ணீர் பாட்டில் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் இயந்திரங்களைச் சுற்றி வைத்தோம். அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டே இருந்தது. நான் ஜெனரேட்டர் கடைக்கு ஓடினேன். வரிசை தெரு முனை வரை. அந்தப் பழையதைத் தையல்காரர் போன மாதமே வாங்கிவிட்டாராம்! கூட்டத்தில் அவ்வளவு பேசினாரே மனுஷன்.

பொறியாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். குழாய் வெடித்துவிட்டது, யாருக்கும் காயமில்லை என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "உகந்த காலத்துல, சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மே 12

போச்சு. கிட்டத்தட்ட எல்லாமே.

சில முட்டைகளை உடைத்துப் பார்த்தாள். முழுக் குஞ்சு - இறகு, அலகு எல்லாம் வந்து - ஒரு நாள் கிடைத்திருந்தால் வெளியே வந்திருக்கும். ஏன்டா சொல்லல நீ? 'வாங்கு'ன்னு ஒரு வார்த்தை. தெரியாதா உனக்கு? தெரியும். நல்லாத் தெரியும்.

அவள் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "தள்ளுங்க, வாளி வைக்கணும்" என்றாள்.

மே 13

அறிக்கை கேட்டார் அமைச்சர். 'யாரும் எதிர்பாராத விபத்து' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு அடித்தல்கூட இல்லை. இருந்திருக்க வேண்டும். தாமதத்துக்கு யார் காரணம் என்று ஆராய ஒரு குழு, செயலாளர் நான்.

ஜூன் 18

மின்சாரம் சீராகும்வரை எங்கள் பகுதியில் தேர்தலைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தேர்தலுக்காகத்தான் பழுது பார்ப்பதைத் தள்ளி வைத்தோம்.

ஜூலை 2

மனைவி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே வேறு மின் நிலையம். அதன் நிர்வாகி போன வருடமே துணிந்து பழுது வேலையைத் தொடங்கிவிட்டார். தினமும் இரண்டிலிருந்து நான்கு மணி வரை வெட்டு, தெருவுக்குத் தெரு பலகையில் எழுதியிருக்கிறதாம். அந்த மனிதருக்கு வேலை போய்விட்டது, பலகை இருக்கிறது. அங்கே ஒரு கொட்டகை வாடகைக்குப் பேசி, கையெழுத்தும் போட்டுவிட்டாள். வாடகைக்கு ஜெனரேட்டரும் உண்டு.

இதையெல்லாம் தேநீரை என் முன் வைத்துக்கொண்டே, யாரோ ஒருவருடைய செய்தி மாதிரிச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

தேநீர் ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 17

அவள் போய் ஒரு மாதமாகிறது. இங்கே மின்சாரம் வரும்போது வரும். எங்கள் குழுவின் காலத்தை இன்று நீட்டித்தார்கள், உத்தரவை நான்தான் எழுதினேன்.

மத்தியானம் போன் செய்தாள். அங்குள்ள எங்கள் கிளை அலுவலகத்தில் ஒரு இடம் காலியாம், விசாரித்திருக்கிறாள். இந்த வாரத்துக்குள் எழுதிக் கேட்டால் கிடைக்குமாம். "அதான் கேக்கலாம்னு கூப்பிட்டேன். வர்றீங்களா?"

எத்தனை நாளைக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்கிறாள். வருகிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

"குழு அறிக்கை ஒண்ணு பாக்கி இருக்கு. அது முடியட்டும், பாக்கலாம்" என்றேன்.

அவள் பக்கம் இயந்திரங்கள் ஓடும் சத்தம் சீராகக் கேட்டது. "சரிங்க. முட்டையத் திருப்பி வைக்கணும்" என்று வைத்துவிட்டாள். மறுபடி எப்போது கூப்பிடுவாள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.