வடிகட்டியில் பார்த்தது

12 ஜூன் 1989

குழாயில் தண்ணீர் வரவில்லை. செல்வமேரி இரண்டு குடத்தோடு பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வரை போய்வந்தாள். அறுபது வயதில் இது என்ன வேலை என்று மகள் கடிதத்தில் என்னைத்தான் திட்டுவாள்.

சாயங்காலம் ஜெயவேலு வந்தான். விமானப்படையில் டிரைவராக இருந்தவன், இப்போது எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குச் செயலாளர்.

"அண்ணா, சேலையூர்ல ஒரு டீச்சரம்மா கீறாங்க. பழைய டெம்பெஸ்ட் பிளேன் தெரிஞ்ச ஆளு வேணுமாம். நீதான் அதுல இஞ்சின் பிட்டராச்சே, உன் பேரக் குடுத்துட்டேன்."

எதற்காம் என்றேன்.

"அவங்க அண்ணன் பைலட்டாம். அது வுழுந்து அதுலயே பூட்டாராம். தயாளன்னு பேரு."

காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் போன பிறகும் அதே சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன்.

13 ஜூன்

நாற்பது வருடம். இந்த நோட்டில்கூட அந்தப் பெயரை எழுதியதில்லை.

18 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் அவர் வாசலில் நிற்கிறார். ரத்தினபாய் டீச்சர். கணக்குப் பாடம் எடுத்தவர், ஓய்வு பெற்றுவிட்டார், கலியாணம் செய்துகொள்ளவில்லை. கையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அந்தக் காலத்துச் சண்டை விமானங்களைப் பற்றியது. கல்லூரி நூலகத்தில் சொல்லி வாங்கினாராம்.

"எனக்கு இஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாது சார். அண்ணன் எந்த மாதிரி மிஷின்ல உக்காந்திருந்தான்னு புரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

சொன்னேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. முதலில் வந்த டைபூன் விமானத்துக்கு இறக்கை தடிமன், வேகமாகக் கீழே பாயும்போது உதறும். அதனால் மெல்லிய இறக்கையாக வரைந்தார்கள், அதுதான் டெம்பெஸ்ட். யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் எந்த இஞ்சின் கைகொடுக்கும் என்று தெரியாமல் ஒரே உடலுக்கு வேறு வேறு இஞ்சின் பொருத்திப் பார்த்தார்கள். எங்களிடம் வந்தது சென்டாரஸ் இஞ்சின் பூட்டியது. இரண்டு வளையமாகப் பதினெட்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும். அதில் வழக்கமான வால்வு கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு எஃகுக் குழல் - ஸ்லீவ் - மேலும் கீழும் போய்க்கொண்டே திருகும். அதிலுள்ள துளைகள்தான் வழி திறந்து மூடும்.

காப்பி டம்ளருக்குள் சின்ன டம்ளரை விட்டுத் திருகிக் காட்டினேன். செல்வமேரி சிரித்தாள். டீச்சரும் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னது: "இஞ்சின் நின்ன பிறகு நேரா இறக்காம ரன்வேக்குத் திரும்பப் பாத்து விழுந்தான், பைலட்டின் தவறுன்னு லெட்டர் வந்துச்சு. அப்பா அதுக்கப்புறம் அவன் போட்டோவ மாட்டவே விடல. அவசரக்காரன், அவசரக்காரன்னே சொல்லிட்டு செத்துப்போனார். இஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு மட்டும் அதுல இல்ல சார்."

தெரியாது என்றேன்.

2 ஜூலை

சாப்பாடு இறங்கவில்லை. வாயு என்று செல்வமேரி ஓம வாட்டர் கொடுத்தாள்.

9 ஜூலை, ஞாயிறு

மறுபடி வந்தார். புத்தகத்தில் கோடு போட்டு வந்திருந்தார். அந்த ஸ்லீவை வட்டம் பிசகாமல் செய்ய இங்கிலாந்துக்காரர்களுக்கு வருடக்கணக்கில் ஆனதாம். இஞ்சினை மேடையில் ஏற்றி, உடைகிற வரை ஓட்டுவார்களாம். உடைந்ததும் பிரித்து, எங்கே தேய்ந்தது, எங்கே கீறல் என்று ஒன்று விடாமல் எழுதுவார்களாம். அடுத்தது கொஞ்சம் கூடுதலாக ஓடும். அதையும் உடைத்து எழுதுவார்களாம்.

"எவ்வளவு பொறுமை, இல்ல சார்? தப்ப எழுதி எழுதியே சரி பண்ணியிருக்காங்க."

நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

10 ஜூலை

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் சொல்ல வரும்.

1949 பிப்ரவரி. வடக்கே இருந்தோம். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் வைக்க மாட்டார்கள், அதனால் என் கலியாணத்துக்கு அதற்குள் ஊர் போயாக வேண்டும். சாயங்காலம் ரயில். காலையில் தயாளன் சாருடைய விமானம் என் பொறுப்பு. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றினேன். அடியில் உலோகத் துகள். ஐந்தாறு இருக்கும், மீன் செதில் மாதிரி மின்னியது.

உள்ளே ஏதோ அரைபடுகிறது என்று அர்த்தம், உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஓட்டிப் பார்த்து, திரும்பக் கழற்றிப் பார்த்து, இருந்தால் இஞ்சினையே மாற்றுவார்கள். மூன்று நாள் வேலை. என் லீவு போய்விடும்.

புது இஞ்சினில் கொஞ்சம் வரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். அது புது இஞ்சின் இல்லை. துணியால் துடைத்தேன். எல்லாம் சரி என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் அந்த விமானம் மேலே கிளம்பிய உடனேயே இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குக் கலியாணம். திரும்பிப் போனதும் விசாரணையில் கேட்டார்கள், வடிகட்டியில் ஏதாவது இருந்ததா? இல்லை சார் என்றேன். ஒரே வார்த்தை.

அவருக்கு இருபத்து நான்கு வயது. எனக்கும்.

11 ஜூலை

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சாமியார் பரிகாரம் சொல்லிவிடுவார் என்ற பயமா?

6 ஆகஸ்டு

முதலில் செல்வமேரியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"நம்ம கலியாணத்துக்காகவா?"

ஆமாம்.

"தள்ளி வைக்கலாம்னு ஒரு தந்தி குடுத்திருந்தா நான் என்ன, செத்தா போயிருப்பேன்? ஈஸ்டர் முடிஞ்சு பண்ணியிருக்கலாமே."

கீரையைக் கூடையோடு அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

8 ஆகஸ்டு

சேலையூர் போனேன். டீச்சர் வீட்டில் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். அவர் அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். கணக்குத் தாளைத் திருத்துகிறவர் மாதிரி கேள்வி கேட்டார். எத்தனை துகள்? என்ன நிறம்? யாராவது பார்த்தார்களா? நேரே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பானா?

பிழைத்திருக்கலாம், தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்ப அவன் தப்பும் இருக்கு."

அந்தத் தப்பைச் செய்ய வேண்டிய இடத்தில் அவரை வைத்தது நான் என்றேன்.

பிறகு டீச்சர் சொன்னது: "இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மன்னிக்கணும்னு எங்க பாஸ்டர் சொல்லுவார். என்னால முடியாது சார். என்கிட்ட அத எதிர்பார்க்காதீங்க."

எதிர்பார்க்கவில்லை. அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போனதே தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

10 ஆகஸ்டு

எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். ஒரு பிரதி டெல்லி விமானப்படைத் தலைமையகத்துக்கு, பதிவுத் தபால்.

19 ஆகஸ்டு

செல்வமேரி திருச்சிக்கு, மகள் அமலராணி வீட்டுக்குப் போனாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. சோறு வடிக்கத் தெரியும்தானே என்று மட்டும் கேட்டாள்.

3 செப்டம்பர்

தனியாக இருக்கிற வீட்டில் ஃபேன் சத்தம் இவ்வளவா?

செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறது. அதற்கும் தகுதி வேண்டாமா என்றும் தோன்றுகிறது. ஜெயவேலு தினமும் வந்து தட்டுகிறான். "இன்னாண்ணா, சாப்டியா?" பதில் சொல்லும்வரை வாசலை விட்டு நகர மாட்டான்.

21 அக்டோபர்

டெல்லியிலிருந்து பதில். அந்த விசாரணைக் கோப்பு இப்போது இருப்பில் இல்லை. பழைய முடிவை மாற்ற வழியில்லை. தங்கள் கடிதம் பதிவு செய்துகொள்ளப்பட்டது. ஐந்து வரி.

என்னைத் தண்டிக்கக்கூட யாரும் இல்லை.

தபாலை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே வாங்கிப் படித்தார். உள்ளே கூடத்துச் சுவரில் தயாளன் சார், யூனிஃபாரத்தில், புதுச் சட்டத்தில். கீழே என் நான்கு பக்கத்தையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். என் கையெழுத்து வாசல்வரை தெரிந்தது.

"வர்றவங்க எல்லாம் படிக்கிறாங்க" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

14 டிசம்பர்

செல்வமேரியிடமிருந்து ஒரு கார்டு. நான்கு மாதத்தில் முதல் கார்டு.

"பேரனுக்கு அம்மை இறங்கிவிட்டது. 22ஆம் தேதி காலை வண்டியில் தாம்பரம் வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு அமலா வரவில்லை. வீட்டைக் கழுவி வையுங்கள்." கீழே எப்போதும் எழுதும் 'தங்கள் அன்புள்ள' இல்லை. செல்வமேரி என்று மட்டும்.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி எழுதவில்லை. வர வேண்டாம் என்றும் எழுதவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டேன். இன்னும் எட்டு நாள் இருக்கிறது.