ஆளுக்கொரு வருஷத்து நிரவல்

என் பிரியமான அக்காவுக்கு, பஜார்க் கடையிலிருந்து தம்பி எழுதுகிறேன்.

நீ போனபின் வந்த முதல் அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நெல், வாழைத்தார், கோழி, நம் கடை ஏலக்காய் எல்லாம் ஆலயத்தில் குவிந்தன. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் நான்தான் ஏலம் விட்டேன். ஒரு சேவலுக்கு இரண்டு சம்பந்திகள் மல்லுக்கட்டினார்கள். நானும் சிரித்தேனாம். உன்னை அடக்கம் செய்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. கை வேலை செய்கிறது, வாய் பேசுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. உனக்கு இது கோபமா?

பாட்டுக்கு வருகிறேன். ஆனந்தபைரவியில் நீ கட்டிய அறுப்புக் கீர்த்தனை பாடகர் குழுவுக்கு மனப்பாடம். ஆனால் "விளைந்ததெல்லாம் நீர் தந்ததே" என்ற வரியை மட்டும் நீ தனியாக எடுத்து, திருப்பித் திருப்பி, வருஷத்துக்கு ஒரு விதமாக நிரவல் பாடுவாய். மழை பெய்த வருஷம் ஒரு மாதிரி, பயிர் கருகிய வருஷம் ஒரு மாதிரி. நான் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தும் பிடித்துவைக்க விடவில்லை. யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஏன் அக்கா?

ஒத்திகையில் ஆர்மோனியம் சாமுவேல் வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கூடப் பிறந்தவுக நீங்கதான? அந்த எடத்த அக்கா எப்படிப் பாடுவாக?"

"ஏலக்காய மோந்து பாத்து எந்த மலைச் சரக்குன்னு சொல்லச் சொல்லுங்க, சொல்றேன். பாட்டுக்கு நான் எங்கன போவேன்?"

சபைக் கமிட்டிக்காரர் குறுக்கே வந்தார். "பேசாம வேற பாட்டப் போட்டுருவோம். பாதியில தடுமாறுனா அக்காவுக்குத்தான கெட்ட பேரு."

இந்த ஒரு தடவை பார்ப்பது, சரியாக வராவிட்டால் இனிமேல் பண்டிகைக்கு உன் பாட்டே வேண்டாம் என்று முடிவாயிற்று. நான் வியாபாரி, ஒரு வழி சொன்னேன். வாத்தியார் ஒரே ஒரு நிரவலைக் கட்டட்டும், எல்லாரும் அதையே பாடட்டும், தரம் மாறாது. அதைத்தான் பழகினார்கள்.

பண்டிகையன்று அந்த வரி வந்தது. குழு பழகியபடிதான் தொடங்கியது. இரண்டாம் சுற்றில், குழுவில் ஜன்னலோரம் நின்ற எஸ்தர் மதினி வேறு விதமாக எடுத்தாள். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் நீ பாடியதாம் அது. சபையின் பின்வரிசையில், வயலிலிருந்து நெல் கொண்டுவந்த ஒரு சம்சாரி இன்னொரு விதம். பெண்கள் பக்கம் நாலைந்து விதம். ஆளுக்கொரு வருஷத்தைப் பாடினார்கள் அக்கா. சந்தை இரைச்சல். வாத்தியார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். கமிட்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உன் பாட்டு இன்றோடு போயிற்று என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

பல்லவி தாளம் தட்டியதுமே தொடங்காது அல்லவா, அரை இடம் பொறுத்துத்தானே எடுப்பாய்? யாரும் கை காட்டவில்லை. அத்தனை பேரும் அந்த அரை இடம் பொறுத்து, ஒன்றாகப் பல்லவியில் வந்து விழுந்தார்கள். ஒருத்தர்கூடப் பிந்தவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன மதினி, பழகுனது ஒண்ணு, பாடுனது ஒண்ணு?"

"நான் எங்க பாடுனேன்? வாய் தானா அங்கன போயிருச்சு. ஆத்தாடி, அக்கா விட்டாத்தான?"

கமிட்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாட்டா சந்தையான்னு தெரியல அண்ணாச்சி. இருந்துட்டுப் போகட்டும், வருஷா வருஷம் பாடட்டும்."

வாத்தியார் கட்டியதை இனிப் பழக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் யோசனையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். சரக்கில் அப்படிச் செய்கிறவன் இல்லை நான்.

அன்று வாய் திறக்காதவன் நான் ஒருவன்தான். எனக்குள் எந்த வருஷமும் இல்லையா, இருந்தும் வெளியே வரவில்லையா? தெரியவில்லை. அடுத்த அறுப்புக்கு எஸ்தர் மதினிக்குப் பின்னால் போய் நிற்பேன். ஏதாவது ஒரு வருஷம் வாயில் வந்தால், நல்லதோ கெட்டதோ, சத்தமாகப் பாடிவிடுவேன். இது என் வாக்கு.

உன் பின்னோடு பிறந்த தம்பி,
போடி பஜார்