‘ஒன்றுமில்லை’ என்று நிரப்பிய படிவம்

அத்தான்,

நேற்று ஒஸ்லோவின் வெஸ்ட்லி பகுதியில் அக்காவைப் பார்க்கப் போகும் வழியில், கடையில் உறைந்த மீன் பொதி ஒன்றை எடுத்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: நோர்வேக் கடலில் பிடித்தது, சீனாவில் துண்டாக்கியது. திரும்ப வைத்துவிட்டேன். நீங்கள் கூட வந்திருந்தால் அங்கேயே நின்று உரத்த குரலில் ஒரு தூஷணம் சொல்லி, என்னை வெட்கப்பட வைத்திருப்பீர்கள்.

வடக்கு நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் அந்த மீனைத் துண்டாக்கியவர் நீங்கள். பிறகு, முழு மீனை உறைய வைத்துக் கப்பலில் அனுப்பி, கூலி குறைந்த நாட்டில் வெட்டித் திரும்பக் கொண்டுவருவதே மலிவு என்று தொழிற்சாலையை மூடினார்கள். அரசியல்வாதி ஒருவர் வந்து, ஒருவரையும் அரசு கைவிடாது என்று பேசிவிட்டுப் போனார். கைவிடவில்லைதான். வேலை இழந்தவர்களுக்கு மூன்று கிழமை வகுப்பு வைத்தார்கள். ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்து, உங்கள் திறமைகளை அதற்குள் எழுதுங்கள் என்றார்கள். நீங்கள் ‘மீன்’ என்று எழுதினீர்கள்.

ஒஸ்லோவுக்குக் குடிவந்த பின், வேலையும் உதவிப்பணமும் தரும் அரசு அலுவலகம் அனுப்பிய படிவத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டீர்கள். உடல்நிலை காரணமாக உங்களால் செய்ய முடியாதவை எவை என்று ஒரு கேள்வி. அக்கா தந்த தேத்தண்ணிக் கோப்பையை நீங்கள் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள்.

“ஒண்டுமில்லை எண்டு எழுது மச்சாள்.”

“விரல் மடங்குதில்லையே அத்தான். அதை எழுதட்டோ?”

“உனக்கென்ன விசரே? நோகுது எண்டு சொல்லுறவனை ஆர் வேலைக்கு எடுப்பான்? நீ புத்தகத்தைத்தான் கண்டனி, ஃபாக்டரியைக் காணேல்லை. ஃபோர்மன் எப்பிடி எண்டு கேட்டால் ‘நல்லம்’ எண்டோணும். அவ்வளவுதான் கதை.”

அங்கே வேலை செய்த நம்மவர்கள் அனைவரும் பழகிக்கொண்டது அது. நோவை மறைத்தவருக்கு அடுத்த பருவமும் மீன் வெட்டும் மேசையில் இடம் இருந்தது. ஆனால் இந்தப் படிவம் ஃபோர்மன் அல்ல, நோவைச் சொன்னால்தான் உதவி வரும் என்று சொன்னேன். நீங்கள் தொலைக்காட்சியைப் போட்டீர்கள். நான் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி, ‘நிரப்ப உதவியவர்’ என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

அலுவலகத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கோட்டுப் போட்டு வந்தீர்கள். பொத்தான்களை அக்காதான் பூட்டிவிட்டிருந்தாள். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கியபோது உங்கள் தாடை இறுகியதைக் கண்டேன். “எவ்வளவு ஊக்கமான மனிதர்!” என்று அவள் என்னிடம் சொன்னாள். மொழிபெயர்த்தேன். சிரித்தீர்கள். குளிர்களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்க அனுப்பினார்கள். எட்டாவது மாதம் பெட்டியைப் பிடிக்க முடியாமல் காலில் போட்டுக்கொண்டீர்கள்.

அதன்பின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். மறுத்து வந்த கடிதத்தில், கைகளில் பழைய பாதிப்பு எதுவும் இல்லை என்று நீங்களே தெரிவித்திருப்பதாக இருந்தது. அந்தக் கடிதத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

“நீ மாறி எழுதிப்போட்டாய் எண்டு ஒரு கடிதம் குடு. பிழை உன்ர எண்டு சொல்லு. உனக்கு ஒண்டும் நடக்காது.”

“நான் பொய் எழுதமாட்டன் அத்தான். நீங்கள் சொன்னதைத்தான் எழுதினனான்.”

“ஓம், ஓம். நீ நீதவான் வீட்டுப் பிள்ளை.”

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனீர்கள். அதன்பின் என்னோடு கதைக்கவில்லை. என் கடிதம் இல்லாமல் அனுப்பிய மேன்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் உங்கள் இதயம் நின்றது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். வாய் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், அதற்கும் வீம்பு. வேலையைக் கப்பலேற்றிவிட்டு வட்டத்தாள் நீட்டியவர்களை மன்னிக்கும் எண்ணமும் இல்லை. நீங்கள் சொன்ன பொய் அவர்களுக்கு வசதியாக இருந்தது, நம்பினார்கள். கையைக் குலுக்கியவள் கையைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து, அந்தக் கோப்பையை நீங்கள் தூக்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் நேர்மை என்று அப்போது எண்ணியிருந்தேன். பிழை என்னுடையது என்று நீங்கள் கேட்ட கடிதத்தைத் தந்திருந்தால், அது அவ்வளவு பெரிய பொய்யாக இருந்திராது. இது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. இதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதிவிட்டதால் உங்களோடு சமாதானமாகிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.