ஏழாவது சுற்று

என் செல்ல மாப்ள சரவணா,

ஊருக்கு முன்னால் "வாங்க மாப்ள", நம் வேலை ஷெட்டுக்குள் "வாடா" என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இது. இனி எப்படிக் கூப்பிட்டாலும் நீ திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு சேதி இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் கண்காட்சி பற்றித்தான். தல்லாகுளம் மண்டபத்தில் பெரியவருக்கு, அதாவது அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு அம்புட்டுக் கீர்த்தனைகளையும் இயற்றிய அந்த மகா மனுஷனுக்கு, நாம் ரெண்டு பேரும் சேர்ந்து போட ஆரம்பித்த கண்காட்சி. "பாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கக் கூடாது மச்சான். வர்றவன் கை பட்டாத்தான் அது பாடணும்" என்று என் உயிரை வாங்கினாயே, அது.

பாதி வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். மரவேலையும் விளக்கும் என் பாடு, எப்படியோ முடித்தேன். பாட்டுக்கு எங்கே போவேன்? சமயநல்லூர் ஷெட்டில் சோதனைக்காக நீ பாடி வைத்த பதிவையே போட்டேன்.

கண்காட்சிக் குழுச் செயலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சோதனைக்கு இது இருக்கட்டும் முத்துராஜ். திறப்பு விழாவுக்குள்ள சபாவுல பாடுற வித்வான் குரலைப் போட்டுரணும்." நியாயமான பேச்சு. நீயும் அதைத்தான் சொல்லியிருந்தாய். ஆனால் வித்வானுக்குப் போன் போட என் கை வரவே இல்லை. மாற்றிவிட்டால் உன் குரல் அப்புறம் எங்கே இருக்கும்? என் தங்கச்சி தேன்மொழி உன் போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "அவுக குரலைக் கேட்டா நான் செத்துருவேன்ணே" என்கிறாள். கட்டின புருஷன் குரல். கூடப் பிறந்தவளிடம் நான் என்னவென்று பேச?

முதல் சோதனை நாள் கூத்தைக் கேள். நடுவில் பெரியவர் சிலை, தம்பூராவோடு. சுற்றிலும் நீ வரைந்து கொடுத்தபடி தொட்டால் பாடும் மேசைகள். தெருவோடு போனவர்களைக் கூப்பிட்டு உள்ளே விட்டோம். ஒருத்தர் கூடத் தொடவில்லை மாப்ள! செருப்பை வாசலில் விட்டார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள், சிலையைச் சுற்றி வந்தார்கள், போய்விட்டார்கள். ஓர் அம்மா மேசைத் திரைக்குக் குங்குமமே வைத்துவிட்டது. இன்னொருத்தர் தன் சம்சாரத்தின் கையைத் தட்டிவிட்டு, "சாமி சாமானைத் தொடாதடி" என்கிறார்.

"பேசாம கண்ணாடிப் பெட்டியே வச்சிருவோமா?" என்றார் செயலாளர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜனங்கள் மேல் பாதி, உன் மேல் மீதி. இந்த நேரம் பார்த்து என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாயே என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். அங்கே கேட்டதா?

திட்டிக்கொண்டே தலையைத் தூக்கினால், எதிர்ச் சுவரில் நாமே எழுதி மாட்டிய பலகை: பெரியவர் கோயில் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டேதான் பாடுவாராம். அட, கூறுகெட்டவர்களா! எழுதி மாட்டினது நாம். புரிந்துகொண்டது ஜனங்கள். தொடத் தயங்குகிறவர்கள் நடக்கத் தயங்கவில்லையே.

மேசையில் இருந்த சென்சார்களைப் பிடுங்கி, சிலையைச் சுற்றித் தரைப் பலகைக்கு அடியில் பதித்தேன். நீ சங்கதி, சங்கதி என்று என் மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தாயே, ஒரே வரியைத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டே போவது. அதை அப்படியே நடையில் வைத்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு சங்கதி. நின்றால் வெறும் தம்பூரா. நடந்தால் பாட்டு வளரும். நீ பாடி வைத்தது ஆறு சங்கதி, ஆகவே ஆறு சுற்று. பதிவில் அதற்குப் பிறகு கிடந்ததை நான் வெட்டவில்லை. யார் அதற்கு மேல் சுற்றப்போகிறார்கள் என்ற நினைப்புதான்.

போன புதன்கிழமை மறுபடி சோதனை. செயலாளர் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கோர்ட்டுக்கு நில வழக்குக்காக வந்த திருவாதவூர் அம்மா ஒன்று, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக் கோயில் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியது. கும்பிட்டது. நடக்க ஆரம்பித்தது.

முதல் சுற்றில் உன் குரல் அந்த வரியைச் சும்மா சொல்லியது. ரெண்டாவதில் ஒரு சின்னச் சுழிப்பு. மூன்றாவதில் மேலே ஏறியது. உன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் அப்படி நான் கேட்டதே இல்லை. அந்த அம்மாவின் பாதத்துக்கு அடியிலிருந்து பாட்டு கிளம்பி வருகிற மாதிரி இருந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன் அந்தப் பெரியவர்! ஒரே ஒரு வரிக்குள் எத்தனை வாசல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

அந்த நேரம் தேன்மொழி எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். வழக்கமாகக் கேரியரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்குப் பாட்டு அவள் காதில் விழுந்துவிட்டது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஆறு சுற்று முடிந்தது. அந்த அம்மா நிற்கவில்லை! நவக்கிரகத்தைச் சுற்றுகிற கணக்கில் ஒன்பது சுற்று வேண்டிக்கொண்டதாம், எனக்கு எப்படித் தெரியும்? ஏழாவதில் காலை வைத்ததும் பாட்டுப் போய்ப் பேச்சு வந்தது. ஒரு செருமல். ஒரு சிரிப்பு. பிறகு நீ:

"நல்லாருந்துச்சா மச்சான்? இன்னொரு தடவ பாடட்டா?"

அந்த அம்மா சிலையைப் பார்த்து அப்படியே நின்று கையைக் குவித்தது. பயமெல்லாம் இல்லை. வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி, "பாடு சாமி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. வாய்தா போட்டுட்டாக" என்றது.

உன்னைப் போய்ச் சாமி என்றது மாப்ள. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வித்வான் வேண்டாம். பாட்டு இவரோடதாவே இருக்கட்டும். அந்தக் கடைசிப் பேச்ச மட்டும் வெட்டிருங்க" என்றார்.

அப்போதுதான் தேன்மொழி உள்ளே வந்தாள். நீ போனதிலிருந்து வெளி ஆளிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"பேச்ச வெட்டாதீக சார்," என்றாள். "பாட்ட வேணும்னா மாத்திக்கங்க."

அவள் கேரியரைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஆறு சுற்றையும் விறுவிறுவென்று முடித்தாள், பாட்டைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. ஏழாவதில் மட்டும் அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பாட்டும் உன்னுடையது, பேச்சும் உன்னுடையது, செயலாளர் சம்மதித்துவிட்டார். ஏழாவது சுற்றைப் பற்றி எங்கேயும் பலகை மாட்டப்போவதில்லை. நடக்கிறவர்களுக்குக் கேட்கும். நான் இருக்கிறவரை அந்தச் செருமலில் ஒரு மூச்சைக்கூட யாரையும் வெட்ட விடமாட்டேன், இது சத்தியம்.

"நல்லாருந்துச்சா" என்று ஷெட்டில் நீ என்னிடம் கேட்ட அன்றைக்கு, "போதும்டா, பசிக்குது, வா" என்றேன். ஞாபகம் இருக்கிறதா? இப்போது பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

நல்லாருந்துச்சுடா. இன்னொரு தடவ பாடு.

தேன்மொழிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
முத்துராஜ்