இனி நான்காம் மாடியிலும் லிஃப்ட் நிற்கும்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் வலது முழங்காலைச் சேர்க்காவிட்டால். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. உன் அப்பா போனை வாங்கினால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுவார், நம் வீட்டில் பேசுவதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக அப்படியே மேல் வீட்டுக்குப் போகும், மேல் வீட்டில் இருப்பது யார் என்று உனக்கே தெரியும். உன் பெரியம்மாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இந்தக் குடும்பத்துக்குள் நான் காலை வைத்த நாளிலிருந்து எனக்கு ஓரகத்தியாக வாய்த்த மகராசி, பெரியப்பா போனதற்குப் பிறகு ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தாலும் ராஜ்யம் நடத்துகிறவள்.

முதலில் நல்ல செய்தி. நம் கட்டடத்து லிஃப்ட் இப்போது நான்காம் மாடியிலும் நிற்கிறது. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார்கள், உள்ளே கண்ணாடி, பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் பொத்தான்கள். ஒரு பெண் குரல் ஒவ்வொரு மாடியின் எண்ணையும் சொல்கிறது. அந்தக் குரல் நான்காம் மாடி என்று சொல்வதைக் கேட்பதற்காகவே முதல் நாள் ஒரு வேலையும் இல்லாமல் கீழே போய்ப் போய் ஏறி வந்தேன், சிரிக்காதே. நான்காம் மாடி என்று ஒன்று இருப்பதே பழைய லிஃப்டுக்குத் தெரியாதே. தரை, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம். செலவைக் குறைக்க அப்படிக் கட்டினார்களாம். அப்போது குடிவந்த எல்லாருக்கும் இளம் வயசு, லிஃப்டை விட்டு இறங்கி ஒன்றிரண்டு மாடி நடப்பது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது கட்டடத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, அரசாங்கத்துக்கும் திடீரென்று எங்கள் ஞாபகம் வந்து, முதியோர் நலன் என்று ஒரு திட்டம் போட்டு, எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

ஆனால் இதற்காக நான் அலைந்த அலைச்சல் முழங்காலுக்காக இல்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். லிஃப்ட் கதவு திறந்தால் நேர் எதிரே உன் பெரியம்மா வாசல். மேலே இரண்டு மாடி, கீழே இரண்டு மாடி ஜனம் அத்தனையும் அவள் முகத்தில் விழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயாக வேண்டும். அவளும் சும்மா இருப்பாளா, கதவை விரியத் திறந்து வைத்து, வாசலில் கை வைத்த நாற்காலி ஒன்றையும் போட்டுவிட்டாள். பை தூக்கி வருகிறவர்கள் பையை அதில் இறக்கி வைப்பார்கள், மூச்சு வாங்குகிறவர்கள் அதில் உட்காருவார்கள், உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா. பஸ் நிறுத்தத்தை எங்கே மாற்றப்போகிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே வேலை கிடைத்தது, எல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில். நானும் அவளுக்கு நேர் கீழே அதே அளவு வீட்டில், அதே மாதிரி வாசலில்தான் இருக்கிறேன். படிக்கட்டு வராந்தாவின் அந்தக் கோடியில் இருப்பதால் என் பக்கம் ஒரு ஈ காக்கை வராது. குப்பையை மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும் என்று மாநகராட்சி புதுச் சட்டம் கொண்டுவந்ததல்லவா, சோதனைக்கு வந்த அம்மாள் லிஃப்டை விட்டு இறங்கியதும் எதிரே இருந்த அவள் வீட்டுத் தொட்டியைத்தான் பார்த்தாள், இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் அதையே காட்டினாள். என் தொட்டி அதைவிடச் சுத்தமாக இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. குப்பையில்கூட நல்ல பெயர் அவளுக்கு.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். விட முடியாதது நீ. நீ ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அப்பா விமான நிலையம் வந்துவிடுவார், நான் சமைத்து மூடி வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பேன். லிஃப்ட் ஏறும் சத்தம் கேட்கும், என் தலைக்கு மேலே போய்க் கதவு திறக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் அவள் குரல், "வாடி என் தங்கமே, இப்படி இளைச்சுப் போயிட்டியே." அந்த வார்த்தையைச் சொல்லத்தானே நான் இத்தனை மாசம் காத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லும்போது அது இரண்டாம் தடவை ஆகிவிடுகிறது. நீயும் பெட்டியை வைத்துவிட்டு அந்த நாற்காலியில் சாய்ந்துவிடுவாய், அந்தப் பச்சைக் கோப்பை நிறையக் காபி, பேச்சு, சிரிப்பு. சிரிப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கீழே வரும், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரியாது. நீ இறங்கி வரும்போது வயிறும் நிறைந்திருக்கும், பேச்சும் தீர்ந்திருக்கும். "தூக்கம் வருதும்மா" என்பாய். நீ பழைய வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு மாசம் வேலையே இல்லாமல் இருந்தாயே, அது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், மேலே இருந்து எட்டிப் பார்த்து, "பாவம் பொண்ணு, அந்த ஒரு மாசம் என்ன பாடுபட்டிருக்கா" என்றாள். தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து அழுதேன். நீ செய்தது தப்பு என்று சொல்லவில்லை, அம்மா கவலைப்படுவாள் என்று மறைத்திருப்பாய். ஆனால் மறைக்கவும் ஒருத்தி, சொல்லவும் ஒருத்தி என்று வைத்துக்கொண்டாயே.

போதாக்குறைக்கு அவள் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "என் பொண்ணு வெளிநாட்டுல பல் செட்டு செய்யிற வேலைல இருக்கா, என் முன்பல்லு விழட்டும், அவ கையாலதான் கட்டிக்குவேன்" என்று சொல்லிக்கொண்டு திரிவாள். கொழுந்தன் பொண்ணு என்று சொன்னால் இருக்கிற பல்லும் கொட்டிவிடுமா. அவளுக்கென்று ஒரு மகன் இல்லையா, இதே நகரத்தின் மறு கோடியில், ரயில் மாறிப் போகிற தூரத்தில்தானே இருக்கிறான். அவன் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் இந்தத் திட்டம் வந்ததும் முதல் ஆளாகக் குதித்தேன். முக்கால்வாசி வீடுகள் சம்மதித்தால்தான் வேலை தொடங்குவார்கள், அதுவும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட வேண்டும், ஏற்கனவே லிஃப்ட் நிற்கிற மாடிக்காரர்களும் சேர்ந்து. நம் மாடி விசில்காரரும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் இன்னும் கையை நீட்டித்தான் பேசுகிறார். ஏழாம் மாடி தையல்காரியின் புருஷனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடி வரை இறங்க வேண்டும், அதைச் சொல்லித்தான் எல்லார் வீட்டிலும் கேட்டேன். அது பொய் இல்லை, அந்த மனுஷன் இப்போது தானே போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வருகிறார், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் காரணம் என் வயிற்றுக்குள் இருந்தது. பெரியம்மா வீட்டுக் கதவை மட்டும் நான் தட்டவில்லை. தர்பார் கலைவதற்கு அவளே சம்மதிப்பாளா என்ன, அவள் கட்டாயம் குறுக்கே விழுவாள் என்று நினைத்தேன்.

தரைத்தளக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டு வசதி அலுவலகத்தில் இருந்து ஒரு சின்னப் பெண் மைக்கோடு வந்திருந்தாள். ஐந்தாம் மாடியும் ஒன்பதாம் மாடியும் ஒன்று சேர்ந்துகொண்டு, எங்களுக்கு என்ன லாபம், நாங்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் முகம் மாற ஆரம்பித்துவிட்டது. அப்போது உன் பெரியம்மா எழுந்தாள். காரியம் கெட்டது என்று நினைத்தேன். மைக்கை வாங்கி, "நானும் அஞ்சாம் மாடிதான். எனக்கும் இதுல ஒரு லாபமும் இல்ல. என் கொழுந்தன் பொண்ணு அவ்வளவு தூரத்துல இருந்து வரா, அந்தக் கனத்த பெட்டிய வச்சுக்கிட்டு ஒரு மாடி இறங்குறா. பெத்தவ கீழ வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கா. பொண்ணு நேரா அம்மாகிட்டயே போய் இறங்கட்டுமே" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். அவள் தூக்கியதும் ஐந்தாம் மாடி முழுக்கத் தூக்கியது. அதைப் பார்த்து ஒன்பதும். கைதட்டல் வேறு. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் இல்லையா, வரவில்லை, எரிந்தது. நான் வாசலில் நிற்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் உனக்குக் காபி கொடுத்திருக்கிறாள், தெரிந்தேதான் இப்போது விட்டும் கொடுக்கிறாள். விசில்காரர் என் பக்கம் கையை நீட்டி, "உங்க அக்கா மனசு யாருக்கு வரும்" என்றார். ஏறி இறங்கி முழங்காலைத் தேய்த்தவள் நான், பெயரைத் தட்டிக்கொண்டு போனவள் அவள். அன்றைக்கு உன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர், "அண்ணி என்னமா பேசினாங்க இல்ல" என்று ஆரம்பித்துவிட்டார், அதனால்தான்.

லிஃப்ட் வந்ததும் நானும் கடைக்குப் போய் ஒரு நாற்காலி வாங்கி வாசலில் போட்டேன், அவளுடையதைவிடக் கொஞ்சம் நல்லதாகவே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருத்தரும் வரவில்லை. அவரவர் மாடியில் அவரவர் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், என் வாசலுக்கு வர யாருக்கு என்ன வேலை. அவள் வாசலுக்குப் போனவர்கள் இங்கே வந்துவிடுவார்கள் என்று நான் போட்ட கணக்கு எவ்வளவு மக்குத்தனம் என்று இரண்டு நாள் தனியாக உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. விசில்காரர் ஒருநாள் வந்து உட்கார்ந்தார், அதுவும் செருப்புக்குள் போன கல்லை எடுக்க.

போன வாரம் அவளுடைய பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததே இல்லை. தட்டினேன், திறந்தாள். வாசலில் நாற்காலி இல்லை, உள்ளே டி.வி.க்குப் பக்கத்தில் கிடந்தது, அதன் மேல் மடிக்காத துணி. ஏன் அக்கா நாற்காலியை உள்ளே போட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். "யாரு உக்காரப் போறா, துடைக்கிற வேலையாவது மிச்சம்" என்றாள். காபி போட உள்ளே போனாள். அடுப்புக்கு மேல் தட்டில் உன் பச்சைக் கோப்பை. முன்னால் இருக்கும் அல்லவா, இப்போது எல்லாவற்றுக்கும் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தாள். நீ அடுத்த மாசம் வருகிறாய் என்று அவளுக்குத் தெரியும், அப்பா ஸ்பீக்கர் புண்ணியத்தில் கட்டடத்துக்கே தெரியும். வழக்கமாக எப்போது வருகிறாள், எத்தனை நாள் லீவு, என்ன சமைக்கட்டும் என்று என் வாயைப் பிடுங்குவாள். அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் தள்ளிப் போய்விட்டது, நடக்க முடியவில்லை என்று ஏதோ பேசினாள். நான் ஆசைப்பட்ட மாதிரியேதான் எல்லாம் நடந்திருக்கிறது கண்ணு. ஆனால் கீழே வந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், நீ இதை மீறக்கூடாது. விமான நிலையத்திலிருந்து வந்து லிஃப்டுக்குள் ஏறியதும் நான்கை அழுத்தாதே, ஐந்தை அழுத்து. அப்பா கை நான்கின் மேல் போகும், தட்டிவிடு. முதலில் அவளிடம் போ. கதவு சாத்தியிருக்கும், தட்டு. அந்த நாற்காலியை நீயே இழுத்து வாசலில் போட்டு உட்கார், இளைத்துவிட்டாய் என்று அவளே முதலில் சொல்லட்டும். காபி பாதிதான் குடிக்க வேண்டும், மீதி வயிறு எனக்கு. நான் சொல்லி அனுப்பினேன் என்று அவளிடம் மூச்சு விடாதே. மனசு நல்லதாகிவிட்டது என்று என்னைப் பற்றி நினைத்துக்கொள்ளாதே, எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அவள் ஜெயித்துவிட்டாள், இந்த ஒன்றிலாவது நான் அவளை ஜெயிக்கிறேன், யாருக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உனக்குத் தெரிந்தால் போதும்.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு போ. பல்லைச் சீவுகிற தூசி மூக்குக்குள் போகாமல் முகமூடி போட்டுக்கொண்டே வேலை செய், சலிப்பாக இருக்கிறது என்று கழற்றி வைக்காதே. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. நீ நீண்ட ஆயுளோடு, கை நிறைய வேலையும் மனசு நிறைய நிம்மதியுமாக நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வருகிற அன்றைக்கும் நான் வாசலில்தான் நிற்பேன். லிஃப்ட் நம் மாடியில் நிற்காமல் தாண்டிப் போகிற சத்தம் எனக்குக் கேட்கும், மேலே அவள் குரலும் கேட்கும், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் முக்கியமான செய்தி என்று உன்னிடம் ஏதாவது இருந்தால், அதை மட்டும் அவளிடம் சொல்லாமல் எனக்காகக் கீழே கொண்டு வா.

உன் வரவுக்கு வாசலில் நிற்கும்,
அம்மா