கொச்சியில் காயப்போட்ட நெல்

மதினி,

நேற்று கீழப்பாவூர் நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். வழியில் அவித்த நெல் வாசனை ஜன்னலுக்குள் வந்தது. எட்டிப் பார்த்தால், ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வாசனையை வைத்தே, "இன்னும் ஒரு வெயில் காயணும்ட்டி" என்று சொல்லியிருப்பீர்கள். பக்கத்துச் சீட்டில் யாருடைய பையோ இருந்தது. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். இறங்கி என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் காலமானபின், தம்பி வீடு என்று எங்களோடு இலத்தூரிலேயே இருந்துவிட்டீர்கள். சர்க்கரை உங்கள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை. திருநெல்வேலி டாக்டர், "போனது போனதுதான், மிச்சமும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது" என்றார். திரும்பி வரும்போது ஆலங்குளம் தாண்டியதும், "ஏட்டி, இருட்டுததுக்குள்ள நாலைப் பாத்திரணும்" என்றீர்கள்.

திருச்செந்தூர், காசி என்று நான் அடுக்கினேன்.

"சாமியைக் கண்ணை மூடிக்கிட்டுத்தானட்டி கும்பிடுதோம். அதுக்குக் கண்ணு எதுக்கு?"

அந்த வருஷச் சாரலுக்கு வீட்டில் எல்லோரும் குற்றாலம் மெயின் அருவிக்குக் குளிக்கப் போனார்கள். நீங்கள் என்னை ஈரச் சேலையோடு சித்திரசபைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று ஒவ்வொரு ஓவியமாகப் பார்த்தீர்கள். அப்படியே குற்றாலத்து மியூசியம். மூக்கு உடைந்த சிலை முன்னால் நின்று, "இவளுக்கு மூக்கு, எனக்குக் கண்ணு" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொச்சியில் வேலை பார்க்கும் என் பேத்தி கோமதி ஊருக்கு வந்தபோது ஒரு பெரிய போன் வாங்கித் தந்தாள். இந்தக் காலத்து ஆட்கள் என்ன வரைகிறார்கள் என்று நீங்கள் கேட்டதற்கு போனில் ஏதோ ஒரு தடவை தட்டித் தேடிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் போன் தானாகவே ஒவ்வொரு படமாகக் கொண்டுவந்து போட்டது. ஒரு அறை முழுக்க உப்பைக் கொட்டி நடுவில் ஒரு நாற்காலி. அம்மாவின் பழஞ்சேலைகளை எல்லாம் முடிந்து கூரையிலிருந்து தொங்கவிட்ட ஒரு பெண். "இதெல்லாம் ஒரு படமா மதினி?" என்று நான் சலித்துக்கொள்வேன். "சினிமாவாட்டி இது, கதை கேக்க? பேசாம பாரு. தண்ணி கம்மியா விழுத அருவி மாதிரி இல்ல?" என்பீர்கள். ஆமாம், அப்படித்தான் இருந்தது.

இதை எல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். கொச்சியில் கண்காட்சி நடக்கிறது என்று கோமதி சொன்னதும், செங்கோட்டை வழியாக, மலையைக் குடைந்து போகும் ரயிலில் கிளம்பினோம். கடலோரம் பழைய கிடங்குகள். ஒரு கூடத்தில் தரை முழுவதும் நெல். கத்தியால் வெட்டியது போல நாலு ஓரமும் நேராக இருந்தது. கூரை ஓட்டுக்கு நடுவே வைத்த கண்ணாடி வழியாக வெயில் விழுந்தது.

சுற்றிலும் கணுக்கால் உயரத்துக்கு ஒரு மெல்லிய கயிறு கட்டியிருந்தார்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நெல் வாசனை மட்டும் தெரிந்தது. எங்கே போனாலும் செருப்பை வாசலில் விடுகிறவர் நீங்கள். "ஏ கோமதி, கிளறாமப் போட்டு வச்சிருக்காவளே, வேத்துப் பூசணம் பிடிச்சுப் போகாதா?" என்று சொல்லிக்கொண்டே சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, கையைப் பின்னால் கட்டி, காலை இழுத்து இழுத்து நெல்லுக்குள் நடந்துவிட்டீர்கள். நம் வீட்டு முற்றத்தில் நெல்லைக் காலால் கிளறி விடுவது போலவே.

காவலுக்கு நின்ற பெண், "அம்மே, அம்மே, கேறல்லே" என்று ஓடி வந்தாள். உள்ளே ஏறாதே என்கிறாள் என்று செங்கோட்டைப் பக்கத்து ஆளுக்குத் தெரியாதா? நீங்கள் அசரவில்லை. "இந்தா தாயி, இன்னும் ஒரே வரிதான்."

கோமதிக்கு முகம் செத்துவிட்டது. யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். ஒருவர் பலகையைக் கொண்டுவந்து உங்கள் கால் வரிகளை நிரவினார். வாசலில் நின்று அதையும் பார்த்தீர்கள்.

படகுத் துறையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னீர்கள். "தப்புத்தாம்ட்டி. அது காயப் போட்ட நெல்லு இல்ல, பாக்கப் போட்ட நெல்லு." பிறகு, "ஆயுசு பூரா கிளறியிருக்கேன். இன்னைக்குத்தான் நெல்லைப் பாத்தேன்" என்றீர்கள். அப்போது உங்கள் கண் கலங்கியிருந்தது. சர்க்கரையினாலா என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழை நின்றபோது உங்கள் கண் முழுக்க இருட்டிவிட்டது. போனை என் கையில் கொடுத்து, "நீ பாத்துச் சொல்லு" என்றீர்கள்.

"நல்லா இருக்கு மதினி."

"நல்லா இருக்குன்னா எனக்கு என்னட்டி தெரியும்? என்ன இருக்குன்னு சொல்லு."

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். நிறத்தைச் சொல்ல வார்த்தைக்கு எங்கே போவேன்? பழுத்த வெற்றிலை மஞ்சள் என்றேன். சாரலில் நனைந்த பாறைக் கறுப்பு என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நம் தெருவில் டீச்சர் இருக்கிறாள், தாசில்தார் மனைவி இருக்கிறாள். ஆனால் உங்களுக்குக் கண்ணாக இருந்தது நான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்.

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டீர்கள். "இன்னைக்குப் போன்ல என்ன வந்துது?" வெள்ளைச் சுவர், அதில் சின்னதாக ஒரு ஜன்னல் வரைந்திருக்கிறது என்றேன். "திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்றீர்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். நீங்கள் தூங்கியிருந்தீர்கள். எழுந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

பாதி திறந்திருந்தது மதினி.

அதற்கப்புறம் போன் படங்களைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் கவிழ்த்து வைத்துவிடுவேன். யாருக்குச் சொல்ல?

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி, வந்த வழியே நடந்தேன். நெல்லுக்குக் காவல் இருந்தவளிடம், "தாயி, ஒரு தடவை கிளறி விடட்டா?" என்றேன். "விடுங்க ஆச்சி, எனக்கும் இடுப்பு விட்டுப் போச்சு" என்றாள். செருப்பைக் கழற்றினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உங்களைப் போலவே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்தேன். அழுகையாக வந்தது. முடித்துவிட்டு ரோட்டில் நின்று பார்த்தேன்.

நல்லா இருந்தது என்று சொல்ல மாட்டேன். என்ன இருந்தது என்று சொல்லுகிறேன், கேளுங்கள். தார்ப்பாய் நீலம், ஓரத்தில் கிழிசல். நெல், அவித்த பனங்கிழங்கின் நிறம். வரி வரியாக என் கால் போன தடம், நடுவில் ஒரு இடத்தில் கோணல். வெயில் சாய்ந்திருந்ததால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். மேற்கே மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தேன்.

இன்னும் ஒரு வெயில் காயணும் மதினி.